தெளிவு என்று எழுதிய இருபத்திரண்டு நாட்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சளி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். முப்பத்து நாலு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடாதே, குட்டி சிரிக்கிறான் என்று போன தடவை சொன்னாய், சிரிக்கட்டும், அவனுக்கு நாளைக்குத் தாடி முளைத்தாலும் எனக்குக் குட்டிதான், நீ பாப்பாதான். போனிலேயே பேசித் தொலைக்காமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது கேட்பாய், நடுவில் எனக்கு அழுகை வந்துவிடும், உடனே நீ என்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவாய். சமாதானம் செய்யப்பட வேண்டிய ஆள் நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து விடுகிறேன், விடும்போதெல்லாம் என்னமோ நான் அவரைக் கொல்ல வந்த மாதிரி தலையைப் பின்னுக்கு இழுக்கிறார். இடது கண் அடுத்த மாதம். கண் டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, புரை இவ்வளவு முற்றிய கண்ணோடு எப்படி இத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றேன். கட்டுப் பிரித்த அன்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், தலை எப்போதிலிருந்து இப்படி முழுசாக வெளுத்தது என்று கேட்டார். முப்பத்தோரு வருஷமாக உங்கள் கண்ணெல்லாம் என் சக்களத்தி மேல்தானே இருந்தது என்றேன். நான் அணையை அப்படிச் சொல்வது உனக்குத் தெரியுமே, நாற்பதடி உயரச் சக்களத்தி. வழக்கமாகச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அணையில் என்ன நடந்தது என்று நீ ஐந்தாறு தடவை கேட்டுவிட்டாய். தபால்காரர் சைக்கிளோடு விழுந்தார், அணைமேல் ஒரு குழி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று மட்டும் சொன்னேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் பாதி. மீதியைக் கேள். உனக்கு அணை என்றால் புல் சரிவில் அட்டை வைத்துச் சறுக்கி விளையாடிய இடம், அப்பாவுக்கு அது முப்பத்தோரு வருஷக் காவலர் வேலை. அறுபத்திரண்டு வயதான மண் அணை, அப்பாவைவிட மூன்று வயது மூத்தது. சரிவில் பதித்த கல் பாதி பெயர்ந்துவிட்டது, ஷட்டர் துருப்பிடித்து மூன்று பேர் தொங்கினால்தான் சக்கரம் திரும்பும், உச்சியில் முளைத்த மரங்களின் வேர் எதுவரை போயிருக்கிறதோ யாருக்கும் தெரியாது. அப்பா வருஷத்துக்கு ரெண்டு தடவை பழுது பார்க்கச் சொல்லி மேலே எழுதுவார். மேலேயிருந்து ஒரே பதில்தான் வரும், கசிவு நீர் தெளிவாக இருப்பதாக உங்கள் பதிவேடே சொல்கிறது, அவசரம் இல்லை என்று.

இந்தக் கசிவு நீர் விஷயம்தான் எல்லாவற்றுக்கும் வேர், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி. மண் அணை என்றால் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும் என்பார் அப்பா. உள்ளே ஊறிய தண்ணீர் அடிவாரத்தில் ஒரு சின்னக் குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அது தெளிவாக வந்தால் வெறும் தண்ணீர், பயமில்லை. கலங்கி வந்தால் அணையின் வயிற்று மண்ணையும் கூட இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், உள்ளே பொந்து விழுகிறது என்று அர்த்தம். அதனால் தினமும் காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பதிவேட்டில் நிறம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும், தெளிவு அல்லது கலங்கல். முப்பத்தோரு வருஷத்தில் அப்பா நாலே நாலு தடவை கலங்கல் என்று எழுதியிருக்கிறார். நாலு தடவையும் ஆட்கள் வந்து பார்த்துச் சரிசெய்தார்கள். அப்பா தெளிவு என்று எழுதினால் அதை யாரும் திருப்பிக் கேட்டது கிடையாது.

கண் மங்க ஆரம்பித்து ரெண்டு வருஷம் இருக்கும். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நீ வீடியோ போனில் அப்பா ஏன் வேறெங்கோ பார்த்துப் பேசுகிறார் என்று கேட்டாயே, வெளிச்சம் எதிரே அடிக்கிறது என்று நான்தான் அளந்துவிட்டேன். சொன்னால் கண் பரிசோதனை, பரிசோதனை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தானே, மரியாதையாக முடித்துவிட்டு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றார். அணை அவருக்குக் காலிலேயே மனப்பாடம். நீர்மட்டக் கல்லில் எண் தெரியாவிட்டால் என்ன, கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் இறங்குகிற படியில் எத்தனை காய்ந்திருக்கிறது என்று காலால் எண்ணிக்கொண்டு வந்து மட்டத்தைச் சொல்லிவிடுவார், ஒரு விரற்கடை கூடத் தப்பாது. ஆனால் நிறத்தை எண்ண எந்தப் படியும் கிடையாதே. அதனால் டம்ளரை வீட்டுக்கே கொண்டுவர ஆரம்பித்தார். சமையலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும். அங்கே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், அவர் சொல்லச் சொல்ல நான் பதிவேட்டில் எழுதுவேன். அவர் எழுத்து மாதிரியே எழுதப் பழகிக்கொண்டேன், அவர் தெளிவுக்கு ளியின் மேல் வளைவை நீளமாக இழுப்பார், நானும் இழுத்தேன். கடைசியில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். அவருக்கு உலகமே மங்கலாகத் தெரிந்தது, டம்ளர் மட்டும் எப்படித் தெளிவாகத் தெரியும்? மங்கல் என் கண்ணில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை என்று அவரே கழித்துக்கொண்டு தெளிவு என்று சொல்லியிருக்கிறார். அது அவர் செய்த தப்பு. நான் செய்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

அன்று திங்கட்கிழமை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதிவேட்டைத் திறந்தேன். தண்ணீரைப் பார்த்தியா, பளிங்கு மாதிரி இருக்கு என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன். பால் குடித்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி அலசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அணையைப் பற்றிய நினைப்பே எனக்கு முதலில் வரவில்லை. முந்தின நாள் நான் டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்றுதான் நினைத்தேன், என் சோம்பலை அவர் கண்டுபிடிக்கவில்லையே என்று நிம்மதி வேறு. தெளிவு என்று எழுதினேன். மத்தியானம் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே மாதிரி. வேறு டம்ளர் கொடுத்து அனுப்பினேன், பழையது விரிசல் விட்டிருக்கிறது என்று பொய் சொன்னேன். புதன்கிழமை அந்தப் புது டம்ளரிலும் அதே பால் கழுவின தண்ணீர். அணைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆன பிறகு அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்ல முடியும்? தெரிந்தது பாப்பா. தெரிந்துதான் எழுதினேன், ளிக்கு மேல் வளைவை நீளமாக இழுத்து.

ஏன் என்று நீ கேட்பாய். வேலைக்காகக் கொடுத்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள், அவர் மரியாதை போய்விடும், இன்னும் பத்து மாதம்தானே என்றெல்லாம் எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். உண்மை அதெல்லாம் இல்லை. தண்ணீர் கலங்கியிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஜன்னலுக்கு நேராக டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு கர்வத்தோடு நிற்பார், அந்த முகம் விழுந்துபோவதைப் பார்க்க மனசு வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் போகட்டும், நாளைக்குத் தெளிந்துவிடும் என்று இருபத்திரண்டு நாள் ஓட்டினேன். நடுவில் ஒரு நாள் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, பார்த்தாயா என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அணைக்குக் கீழே கீழ்த்தெருவில் நாற்பத்து மூன்று வீடு இருக்கிறது. அந்த இருபத்திரண்டு நாளும் அந்தத் தெருவழியாகத்தான் கடைக்குப் போய் வந்தேன். என்னக்கா உடம்பு சரியில்லையா, முகம் வாடியிருக்கே என்று தையல்காரி கேட்டாள். அவளிடம் என் ஜாக்கெட் தைத்தாயிற்றா என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

இருபத்துமூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தபால்காரர் வழக்கம்போல் அணைமேல் சைக்கிளில் வந்தார், நடுவழியில் முன்சக்கரம் அப்படியே மண்ணுக்குள் போய்விட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது அவருக்கு. வலியோடு வலியாகக் குழியில் எட்டிப் பார்த்திருக்கிறார், ஒரு ஆள் நிற்கிற ஆழமாம். கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் பாவம். அப்பாதான் அபாயச் சங்கு ஊதினார். கீழ்த்தெரு முழுக்க மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு, ஒரு கிழவர் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு. ஷட்டரைத் திறந்து ஒன்பது நாள் தண்ணீர் போனது. அணை உடையாமல் நின்றுவிட்டது பாப்பா, அந்த மட்டுக்கும் யார் செய்த புண்ணியமோ. இப்போது ஏரி முழுக்க வெடித்த சேறு. ஷட்டர் பக்கத்தில் முப்பது நாற்பது வாளி கிடக்கிறது, தெருக்காரர்கள் எந்தக் காலத்திலோ தவறவிட்டது, அவரவர் வந்து அடையாளம் பார்த்து எடுத்துப்போகிறார்கள். வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், ஆனால் கிணறுகள் வற்றிக்கொண்டே வருகின்றன. இனி பழுது பார்க்கிற நிலையில் இல்லை, நடுவில் வெட்டி உடைத்துவிடப் போகிறோம் என்று பெரிய என்ஜினியர் அளந்து குறித்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் ஓவர்சியர் கதைதான் எனக்குத் தாங்கவில்லை. உனக்கு அவரைத் தெரியும், உன் கல்யாணத்தில் பந்தி கவனித்தாரே, அவர்தான். வாரா வாரம் அவர் கசிவு நீரை நேரில் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா எழுத்தைப் பார்த்துவிட்டு, நீங்க எழுதினதுக்கு அப்புறம் நான் என்னண்ணே புதுசா பாக்கப்போறேன் என்று இங்கேயே டீ குடித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போவார். பார்க்காமல் போட்டது அவர் தப்புதான். இப்போது அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலங்கலைத் தெளிவு என்று எழுதச் சொன்னதே அவர்தான், செலவு வரக் கூடாது என்று மறைத்தார் என்று பேச்சு. அவர் ஒரு வார்த்தை அப்பாமேல் போடவில்லை. விசாரணையில், அணைக் காவலர் நேர்மையான மனுஷர், தண்ணீர் முந்தின ராத்திரிதான் கலங்கியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் கண்தான் தம்பி காரணம், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதார். வாயைத் திறக்காதீர்கள், ஓய்வு பெறும் நேரத்தில் கெட்ட பெயர் வேண்டாம் என்று அவர் அப்பாவை அடக்கிவிட்டுப் போனார். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் பெண்டாட்டி கடையில் என்னைப் பார்த்தும் முகத்தைத் திருப்பவில்லை, அதுதான் இன்னும் கொடுமை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அடுத்த விசாரணை. இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்து, உப்புப் போட்டுக் கழுவியது, டம்ளர் மாற்றியது, எதையும் விடாமல் சொன்னேன். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். எத்தனாம் தேதி திங்கட்கிழமை என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு ஏழு படி காய்ந்திருந்தது என்றார், இன்னும் நினைவு வைத்திருக்கிறார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அன்றைக்கே தெரிந்திருந்தால் ஷட்டரைப் பாதி திறந்து, அடிவாரத்தில் மணலும் சரளையும் கொட்டி நிறுத்தியிருக்கலாம், அணை பிழைத்திருக்கும் என்றார். குரல் உயரவே இல்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஊருக்குச் சொல்லலன்னா போகட்டும். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

உங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் என்றேன். அவர் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பை நீ பார்த்திருக்க மாட்டாய், பார்க்கவும் வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பரும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். வாக்குமூலம் எழுதி வியாழக்கிழமை நாமே போய்க் கொடுக்கலாம், அந்தப் பிள்ளை தலை தப்பட்டும் என்றார். நான் எழுதினேன். கண் பார்வை குறைந்ததை மறைத்துவிட்டோம், தண்ணீர் கலங்கியிருந்தும் தெளிவு என்று பதிந்துவிட்டோம், ஓவர்சியருக்கு இதில் எதுவும் தெரியாது என்று எழுதி வாசித்துக் காட்டினேன். நடுவிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நாங்கன்னு எழுதாத. பாக்க முடியாதவன் நான். பாத்தவ நீ. தனித்தனியா எழுது."

தனித்தனியாக எழுதினேன். ரெண்டு தாள். அவர் தாளை வாங்கி, சொட்டு மருந்து வழிகிற கண்ணோடு ஒவ்வொரு வரியாகத் தானே படித்தார். கையெழுத்துப் போட நான் விரலால் இடம் காட்டப் போனேன், என் விரலைத் தள்ளிவிட்டுத் தானே இடம் பார்த்துப் போட்டார். என் தாளைப் படிக்கவில்லை, மடித்து என் பக்கம் நகர்த்திவிட்டார். சாயங்காலம் ரொட்டி வைத்தேன், சாப்பிட்டார். சொட்டு மருந்து விட்டேன், தலையை இழுக்காமல் காட்டினார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ இதற்காக லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, வந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை, குட்டிக்குப் பரீட்சை நேரம். அவன் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அடம் பிடிக்கிறான் என்றாயே, அது அடம் இல்லை, ஒரு நடை கண் டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், மறைக்க வேண்டாம், மாமியார் மேல் இருக்கிற மரியாதை குறைந்தால் குறையட்டும். அவருக்கு ஏதாவது தெரியவில்லை என்றால், அது கண்ணாக இருந்தாலும் சரி வேறெதுவாக இருந்தாலும் சரி, அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. சண்டை வரும், வரட்டும். அங்கே குளிர் அதிகம் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. ஒன்றும் தெரியாத மாதிரி பேசாதே, எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பேசு. அவர் உனக்கு ஆசீர்வாதம் சொன்னதாகவும் முத்தம் சொன்னதாகவும் முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் எழுதியிருக்கிறேன். பாதி நாள் அவர் வாயைத் திறந்திருக்கக்கூட மாட்டார், அணைக்குப் போயிருப்பார், நானே சொல்லி நானே எழுதி, அப்பாவும் அம்மாவும் என்று நானே ரெண்டு பேர் கையெழுத்தும் போட்டுவிடுவேன். இன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
அம்மா மட்டும்